அவரைப் பந்தலுக்கு நேரே ஒரு விளக்கு

ஏணியை இப்போதே சாத்த வேண்டாம் தம்பி. கம்பம் ஈரமாக இருக்கிறது. விடியற்காலையில் பெய்த மழை. கொஞ்சம் காயட்டும். இந்த நாற்காலியில் உட்காருங்க. அதில் இல்லை, அது ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. வடிவு, தம்பிக்கு ஒரு டீ போடு. பேரூராட்சியிலிருந்து வந்திருக்கிறார். தெருவிளக்கு விஷயமாக.

நான்தான் பூதலிங்கம். புகார் கொடுத்தவன் நான்தான். உங்களை வரச் சொல்லி ஒரு மாதமாக நடந்தவனும் நான்தான். அதனால் இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு, இந்த ஆளுக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்துவிடாதீங்க. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எட்டாவதோடு நின்றேன். மில்லில் முப்பத்தெட்டு வருஷம் பஞ்சுப் பொதிக்கு எடை பார்த்தேன். தராசுக்கு முன்னால் நிற்கிறவனுக்குப் பேச்சு தேவையில்லை. முள் நிற்கிற இடத்தைச் சொன்னால் போதும். கூட்டிச் சொல் என்று முதலாளியே கேட்டிருக்கிறார், நான் முள்ளைத்தான் சொன்னேன். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும்.

ஐப்பசி அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு இடி இடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் இந்த விளக்கு போனது. மறுநாள் காலையில் உங்கள் ஆபீஸ் கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்கிறேன். ஆள் இல்லை என்றார்கள். பிறகு, சாமான் இல்லை என்றார்கள். பிறகு, மழை நிற்கட்டும் என்றார்கள். ஐப்பசியில் மழை நிற்குமா? அன்றைக்கு நீங்கள் வந்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை, ஏணியை நானே பிடித்திருப்பேன். மறுவாரம் வந்திருந்தாலும் சரி. அப்போதெல்லாம் வராமல், கார்த்திகை பிறந்து பத்து நாள் கழித்து, இன்றைக்கு வந்து நிற்கிறீங்க. உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களை அனுப்பினவர்களைச் சொல்கிறேன்.

டீ வரட்டும். அதற்குள் அந்தப் பந்தலைப் பாருங்க. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கிறதே, அதுதான். நூல் பிடித்துக் கட்டினேன். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் கோணல் தெரியாது. கொடி மூன்று. வேறு எதுவும் அதில் ஏற விடுவதில்லை. கீரை, கத்தரி எல்லாம் பின்பக்கம்.

இந்த இரண்டு மாதத்தில் தோட்டத்தில் வேலை ஓயாது தம்பி. மழைக்கு முன்னால் முருங்கையைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் முறிந்து ஓட்டின்மேல் விழும். பாத்தியைச் சுற்றி வடிகால் கீற வேண்டும். ஓய்ந்துபோன புடலையைப் பிரித்துப் போட வேண்டும். கத்தரி நாற்றை மூட்டம் போட்ட நாளாகப் பார்த்து நட வேண்டும். வெண்டையில் முற்றினதை விதைக்கு விட்டிருந்தால், மழையில் நனைந்து முளைப்பதற்குள் பறித்துவிட வேண்டும். கார்த்திகை பிறந்தால் அவரைக்குச் சாம்பல். கொழுந்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். பனி ஈரம் இலையில் இருக்கும்போதே சாம்பலைத் தூவினால்தான் ஒட்டும். வெயில் ஏறினபிறகு தூவுகிறவன் சாம்பலைக் காற்றுக்குப் போடுகிறான்.

இத்தனையும் நான் சரியாகச் செய்கிறவன். அதைத்தான் சொல்ல வந்தேன். என் வேலையில் குறை இல்லை.

விளக்குக்கு வருகிறேன். இந்தத் தெருவில் நாங்கள் வீடு கட்டி வந்தபோது கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. எதிர்வீட்டில் ஜெபராணி என்று ஒரு நர்ஸ். தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. புருஷன் துபாயில். அவளும் என் வீட்டுக்காரி வடிவும் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே கார்த்திகை மாதம், ஒரு நாள் சாயங்காலம் இருட்டின பிறகு வடிவு ஒரு சொளகில் அவரைக்காயை அள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். டார்ச் எடுத்துக்கொண்டு போ என்றேன். எதிர்வீட்டுக்கு எதுக்கு டார்ச்சு என்றாள். சாக்கடையில் கால் வைத்து விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவரைக்காய் தெருவெல்லாம். கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தவள், "காயைப் பொறுக்கினியளா?" என்று கேட்டாள். கை வலிக்கிறதா என்று நான் கேட்கிறேன், அவள் காயைக் கேட்கிறாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்தக் கம்பத்தில் விளக்கு எரிய வேண்டும். நான் யாரிடமும் போய் ஒன்று கேட்டவன் இல்லை தம்பி. கடையில் பாக்கிச் சில்லறையை மறந்துவிட்டால்கூட, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அந்த நான் உங்கள் ஆபீஸில் போய் நின்றேன். என்ன வேண்டும் என்று யாராவது கேட்பார்கள் என்று நிற்பேன். யாரும் கேட்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மூடுவார்கள். வந்துவிடுவேன். மறுபடி போவேன். இரண்டு வருஷம். கடைசியில் ஒரு அதிகாரி, "இவர் யாருய்யா, தூண் மாதிரி தெனமும் நிக்காரு" என்று கேட்டார். அப்படிக் கிடைத்த விளக்கு.

முதல் நாள் அதை எரியவிட்டபோது தெருவே வெளியில் வந்து நின்றது. ஜெபராணி கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். பொத்தானை நான்தான் அமுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாடிப்படிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இன்றைக்கும் ஆட்டோக்காரர்களைக் கேளுங்க, 'பூதலிங்கம் விளக்குல திரும்பணும்' என்பார்கள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்களாகச் சொல்வது. நல்ல வெளிச்சம் தம்பி. வாசல்படியில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்திலேயே பேப்பர் படிப்பேன். வீட்டுக்குள் லைட் போட வேண்டியதே இல்லை.

அந்த வருஷம்தான் அவரை பூக்கவில்லை.

இந்த அவரை கடையில் கிடைக்கிற அவரை இல்லை. வடிவுடைய அம்மா வீட்டு விதை. பட்டை அவரை. கையால் ஒடித்தால் நார் வராது. முற்றினாலும் தோல் சவைக்காது. வருஷா வருஷம் நெற்று எடுத்து, விளக்கெண்ணெய் தடவி, ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். ஆடியில் ஊன்றினால் ஐப்பசியில் பூக்கும். கார்த்திகைப் பனிக்குக் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். தை கடைசியில் நெற்று. அவள் பிறந்த வீட்டில் இப்போது யாரும் செடி வைப்பதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள், வாங்கினவர்கள் சமைத்துத் தின்றார்கள், விதைக்கு எடுத்து வைக்கவில்லை. ஆக, இந்த டப்பாவில் இருப்பதுதான் விதை. வேறு எங்கும் இல்லை.

விளக்கு வந்த வருஷம் கொடி என்றால் அப்படி ஒரு கொடி. இலை உள்ளங்கை அகலம். பந்தலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கம்பத்தில் சுற்றப் பார்த்தது. பூ மட்டும் இல்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. காரணம் என்ன என்று யோசித்தேன். புரட்டாசியில் ஒரு நாள் ஜெபராணி வேலைக்குப் போகும்போது கேட்டில் நின்று, "யக்கா, கொடி யானை கணக்கால்லா படர்ந்திருக்கு" என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், கண் படுவதை எல்லாம் நம்ப மாட்டாள். நம்பாதவர்கள் கண் படாதா?

அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை வராது. அவள் வந்தால் பின்பக்கம் போய்விடுவேன். பந்தலில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டேன், திருஷ்டிக்கு. அதைப் பார்த்துவிட்டு அவள், "அண்ணாச்சி, உங்க செருப்பு ஒண்ணு பந்தல்ல தொங்குது. இன்னொண்ண நாய் தூக்கிட்டுப் போயிட்டோ?" என்று கேட்கிறாள். வடிவு உள்ளே நின்று சிரிக்கிறாள்.

அடுத்த வருஷம் விதையில் பாதியை ஊன்றினோம். அதே கதை. புளித்த மோர் தெளித்தேன். சாணிக் கரைசல் ஊற்றினேன். இலையைக் கழித்தேன். வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி அறுத்துவிட்டேன், கொடி பயந்து பூக்கும் என்று மில்லில் ஒருவர் சொல்வார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு கிளை மட்டும் மாடிப்படிக்குப் பின்னால் ஓடியிருந்தது. அதில் இரண்டு கொத்துப் பூத்தது. வடிவு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"இங்க மட்டும் எப்படிப் பூத்திருக்கு, பாத்தியளா?"

"அங்கேதான் சாணிக் கரைசல் வாளியை வைத்திருந்தேன்" என்றேன். வாளி இருந்தது உண்மை.

"வாளி இல்ல. இங்கதான் ஒங்க வெளக்கு படல. படி மறைக்கி. மத்ததெல்லாம் விடிய விடிய வெளிச்சத்துல நிக்கி. ராத்திரின்னு ஒண்ணு வந்தாதான அதுக்குப் பனிக்காலம் வந்துட்டுன்னு தெரியும்? மூஞ்சிக்கு நேரே வெளக்கப் போட்டா நீங்க தூங்குவியளா?"

நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். ஜன்னல் வழியாக வெளிச்சம் கட்டில் வரைக்கும் வரும், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவள் பக்கத்து ஜன்னலுக்கு ஒரு பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டி வைத்திருக்கிறாள். கொசுவுக்காக இருக்கும்.

செடிக்குக் கண்ணா இருக்கிறது தம்பி? நீங்களே சொல்லுங்க.

அந்தக் கிளையில் பிடித்த காயை நெற்றுக்கு விட்டாள். மாசியில் ஒரு ஆடு காம்பவுண்டுக்குள் புகுந்து தின்றுவிட்டுப் போயிற்று. கேட்டைச் சாத்தாமல் விட்டது யார் என்று இப்போது பேச வேண்டாம். நான் பேப்பர் எடுக்கப் போயிருந்தேன்.

அப்போதுதான் கேட்டாள், மேலே ஒரு சாக்கைக் கட்டச் சொல்லுங்களேன், நம்ம வீட்டுப் பக்கம் மட்டும் மறைக்கிற மாதிரி என்று. எனக்கு எப்படி இருக்கும்? இரண்டு வருஷம் தூணாக நின்று வாங்கின விளக்கு. அதன் முகத்தில் சாக்கைக் கட்டுவதா? அது அரசாங்கச் சொத்து என்றேன். அவரை கடையில் கிடைக்கும், வெளிச்சம் கடையில் கிடைக்குமா என்றும் சொன்னேன். சொன்னேன், சரி. அவள் உள்ளே போய்க் கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

இந்த வருஷம் ஆடியில் டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் ஊன்றினாள். பழைய விதை. முளைத்தது மூன்றுதான். நீங்கள் பார்க்கிற மூன்று கொடி. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இது காய்த்து நெற்று விட்டால் உண்டு, இல்லாவிட்டால் இந்த விதை இத்தோடு போயிற்று. அவள் அப்படிச் சொல்லவில்லை. டப்பா கவிழ்ந்திருந்ததைப் பார்த்து நானாகச் சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்தது. மொட்டு இல்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். காய்க்காத மரத்தை வெட்டப் போகிற மாதிரி ஒருவர் அரிவாளோடு போக வேண்டும். இன்னொருவர் தடுத்து, 'இந்த ஒரு வருஷம் விட்டுருங்க, கண்டிப்பாகக் காய்க்கும், நான் பொறுப்பு' என்று மரத்துக்காகப் பேச வேண்டும். மரம் கேட்டுக்கொண்டிருக்கும். கொடிக்கும் அதுதான் என்று வைத்துக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, வடிவிடம் முன்கூட்டியே சொன்னேன். நான் இப்படிச் சொல்வேன், நீ இப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். சரி என்றாள்.

அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டு வாசலில் ஜெபராணி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நல்ல சத்தமாகவே சொன்னேன்: "மூன்று வருஷமாகச் சோறும் தண்ணியும் போடுகிறேன், ஒரு பூ இல்லை. இன்றைக்கு உன்னை வெட்டாமல் விட மாட்டேன்."

வடிவு வந்தாள். என் கையைப் பிடித்தாள். அதுவரைக்கும் சரி. பிறகு சொன்னாள்: "அது மேல ஒரு தப்பும் இல்ல. வெட்டணும்னா அந்தக் கம்பத்த வெட்டுங்க."

எதிர்வீட்டில் ஜெபராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் அரிவாளோடு நிற்கிறேன். ஓங்கின கையை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. பக்கத்தில் காய்ந்துபோன ஒரு பப்பாளி இலைக் காம்பு இருந்தது, அதை வெட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வடிவு அவரையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். மற்ற எல்லாம் பேசுவாள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்பாள், அவளுடைய தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பாள். பந்தல் பக்கம் திரும்புவதில்லை. சண்டை போட்டால் பதில் சொல்லலாம் தம்பி. சண்டையே போடாதவளுக்கு என்ன பதில் சொல்வது?

பிறகுதான் இடி விழுந்து விளக்கு போனது. நான் நடந்ததைச் சொன்னேனே. நடந்துகொண்டே இருந்தேன். அப்படி நடக்கிற நாளில், கார்த்திகை பிறந்த மறுநாள், சாம்பல் தூவப் பந்தலுக்குப் போகிறேன். இலைக்குமேல் குச்சி குச்சியாக நிற்கிறது. பொடி மொட்டு. முதலில் அசுவினி என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். மொட்டுதான். மூன்று கொடியிலும். நாலு நாளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இப்போது எழுந்து பார்த்தீங்க என்றால் அடிக்கொத்தில் பிஞ்சு தெரியும், நகத்தளவு.

நான் வடிவிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அவளும் பார்த்திருக்கிறாள். துவைக்கிற கல்லில் இருந்து பார்த்தாலே தெரியும். அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். இவ்வளவு பூ வாசலில் பூத்திருக்கிறது, இரண்டு பேரும் பால்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என்ன தம்பி? விளக்கு போனதால்தானே பூத்தது என்கிறீங்களா?

நீங்களுமா. உங்களுக்கு இது தொழில், விளக்கைப் பற்றி நீங்கள் இப்படிப் பேசலாமா? நான் சொல்கிறேன் கேளுங்க. இந்த வருஷம் சாம்பல் ஒழுங்காகத் தூவினேன். இரண்டாவது, இடி இடித்தால் மழைத்தண்ணீரில் ஒரு சத்து உண்டு. ரேடியோவில் கேட்டிருக்கிறேன். மூன்றாவது, அரிவாளைக் காட்டினேன். வடிவு மாற்றிச் சொன்னாலும், அரிவாளை அது பார்த்ததா இல்லையா? பயம் இருக்கிறதல்லவா? இப்படி மூன்று காரணம் இருக்கும்போது, எல்லாரும் விளக்கையே பிடித்துக்கொண்டு தொங்கினால் நான் என்ன செய்ய?

சரி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பம் வழுக்கும் என்று எழுதிவிட்டு, தை முடிந்து வர முடியுமா?

முடியாதா. இன்றைக்கே முடிக்க வேண்டுமா. விளக்கு எரிகிற மாதிரி படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்ப வேண்டுமா? இது எப்போதிருந்து? நான் புகார் கொடுக்கும்போது ஒரு மாதம் ஆகலாம், முடிக்கும்போது மட்டும் இன்றைக்கேயா?

இருங்க, டீ வருகிறது.

வடிவு, இவர்தான் அந்தத் தம்பி. என்ன? எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா?

கேட்டீங்களா தம்பி, அவள் சொன்னதை? நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. "நீங்க போட்டுட்டுப் போங்க தம்பி. அவ்வொ சொல்லுததக் கேக்காதிய. நான் கை ஒடிஞ்சி கெடந்தப்ப எனக்காவத்தான ரெண்டு வருசம் நடந்தாவ. ஒரு எடத்துல வாயத் தொறந்து பேசத் தெரியாத மனுசன். அந்த வெளக்கு ஒண்ணுதான் அவ்வொ கேட்டு வாங்குனது. அவரை என்ன அவரை. போட்டுட்டுப் போங்க."

இப்படிச் சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முகத்தில் கோபமும் இல்லை. கோபம் இருந்தால் எனக்குப் பழக்கம்.

டீயைக் குடிங்க. ஆறிவிடும்.

ஒரு நிமிஷம் இருங்க. எனக்கு யோசித்துப் பேச நேரம் ஆகும்.

நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போடுங்க. மெதுவாகப் பேசுவோம். நீங்கள் மேலே ஏறிப் புது விளக்கை மாட்டுங்க. எரியவிடுங்க. படம் எடுங்க. எத்தனை வேண்டுமோ அத்தனை எடுங்க, கம்பத்தோடு நம்பர் தெரிகிற மாதிரி எடுங்க. ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்க. அதில் பொய் ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் எரிந்தது எரிந்ததுதான். அனுப்பினதும், இறங்குவதற்கு முன்னால், ஒரு வயரை மட்டும் உருவி, முனைக்கு டேப் சுற்றிவிட்டு வாங்க.

சிரிக்காதீங்க தம்பி. நான் தராசில் ஒரு தடவைகூடக் கை வைத்தவன் இல்லை. என்னைப் பற்றி மில்லில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. இது வேறு. தை கடைசியில் நானே ஆபீஸுக்கு வருவேன், விளக்கு எரியவில்லை என்று. புதுப் புகார். நீங்கள் வந்து மாட்டிவிடுங்க. பழைய புகாரோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

தெரு இருட்டாக இருக்குமே என்கிறீங்க. அதை நான் யோசிக்காமல் இல்லை. மற்ற வீடுகளில் வாசல் லைட் இருக்கிறது, போடச் சொல்லலாம். போட மாட்டார்கள் என்றால் நான் போய் நிற்கிறேன், நிற்க எனக்குத் தெரியும். கஷ்டம் ஜெபராணிக்குத்தான். அவளுக்கு டூட்டி முடிந்து வரக் கடைசி பஸ் ஆகிவிடும். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவேன். இரண்டு வருஷமாகப் பேசாதவளிடம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச வேண்டியதும் இல்லை. அவள் இறங்கினதும் டார்ச்சை அடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தால், அவள் பின்னால் வந்துவிடுவாள். அவள் ஏதாவது கேலி பேசுவாள். பேசட்டும்.

ஒன்று மட்டும். வடிவு கேட்டால், புதுச் சாமான் சரியில்லை, எரிந்து எரிந்து அணைகிறது, வேறு வர நாளாகும் என்று சொல்லுங்க. நான் சொல்லிக் கழற்றினதாக அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால், அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அவள் சொன்னது சரி இல்லை. செடிக்குக் கண் கிடையாது. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது பார்த்தீங்களா? மெதுவாகப் பேசுங்க என்று அதற்குத்தான் சொன்னேன்.

வாங்க, ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். சுவரில் சாத்தாதீங்க, நேராகக் கம்பத்தில் சாத்துங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். திருப்புளியைக் கையில் வைத்திருக்காதீங்க, பையில் போட்டுக்கொள்ளுங்க. கழற்றின பழைய விளக்கைக் கயிறு கட்டி இறக்குங்க, நான் வாங்கிக்கொள்கிறேன். பார்த்து. கீழே எதையும் போட்டுவிடாதீங்க தம்பி. கீழே பூ இருக்கிறது.